வேண்டாம் பிள்ளை விட்டுப்போன இடம்

(1938 தை மாதம், கோடைக்கானல் நாயுடுபுரத்தில், மலைச்சரக்கு வியாபாரி பழனி சேனாதிபதி பிள்ளை அவர்களின் மறைவுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில், அவருடைய கூட்டாளி ஹாஜி இப்ராம்சா ராவுத்தர் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய தலைவர், கடைவீதி வர்த்தகர் சங்கத்து இராமலிங்கம் செட்டியார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பாதிரியார் அவர்களே, வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஏறி வந்திருக்கும் வியாபார நண்பர்களே, கூக்காலிலிருந்து இந்தக் குளிரில் நடந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, என் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கந்தம்மாள் மதினி அவர்களே, உங்கள் எல்லாருக்கும் இந்த இப்ராம்சாவின் வணக்கமும் சலாமும்.

செட்டியார் அவர்கள் கூட்டம் தொடங்கும் முன்பே என்னைத் தனியே கூப்பிட்டு, "ராவுத்தரே, சுருக்கமா முடிச்சிருங்க, பேச ஆளு நெறைய இருக்கு" என்றார். நான் "ஆகட்டும்" என்றேன். அப்போதே அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. மேசை மணியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடியுங்கள் செட்டியாரே, தாராளமாக அடியுங்கள். முப்பது வருஷமாக, நான் பேசும்போதெல்லாம் குறுக்கே ஒரு சத்தம் கேட்டுப் பழகியவன் நான். அது நின்றுபோனதிலிருந்து எனக்குக் காது அடைத்தாற்போல இருக்கிறது. மணிச்சத்தமாவது கேட்கட்டும்.

இங்கே எல்லார் கையிலும் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. அதில் என் அண்ணனைப் பற்றி என்ன அச்சடித்திருக்கிறார்கள்? "சிரித்த முகத்தினர், இனிய சொல்லினர், இல்லையென்னாத வள்ளல்." யார் ஐயா இது? எந்த ஊர்க்காரர்? அச்சாபீஸில் ஏற்கெனவே கோத்து வைத்திருந்த எழுத்தை அப்படியே போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சேனாதிபதி பிள்ளை சிரித்து இந்தக் கடைவீதியில் பார்த்தவர் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். மதினி, நீங்களும் தூக்கவில்லை. இல்லை என்று சொல்லாதவராம்! காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் சொல்வதே அதுதானே.

நான் நோட்டீஸைப் பேச வரவில்லை. மனிதரைப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூக்கால்காரர்கள் இங்கே மாலை போடுவதற்காக மட்டும் வரவில்லை. பிள்ளையவர்களைத் தூக்கிய அன்று, வீட்டு வாசலில் வைத்து, அந்த ஊரில் அதிகமாகப் பூண்டு போடுகிற சோலையம்மாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அழுதுகொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டார். "ராவுத்தரய்யா, பிள்ளை போயிட்டாரு. இனிமே உங்களுக்கு வேண்டாம்னு யாரு சொல்லுவா?"

வாய் திறந்தால் மூடத் தெரியாத எனக்கு, அன்றைக்கு வார்த்தையே வரவில்லை. அதற்குள் மதுரை மண்டி ஒன்றின் ஆள் கூக்காலுக்கே போய், ஈரமோ உலர்ந்ததோ எல்லாப் பூண்டையும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை ஓரத்தில் நம் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். குடியுங்கள் ஐயா, இன்னொரு டம்ளர் வாங்கிக்கொள்ளுங்கள், துக்கத்துக்கு வந்தவர். இந்தக் கூட்டம் கலைவதற்குள் கூக்கால்காரர்கள் ஒரு முடிவு சொல்லப்போகிறார்கள். அவர்கள் பூண்டு வராவிட்டால் எங்கள் கம்பெனி கதவைச் சாத்த வேண்டியதுதான். அது தெரிந்துதான் நான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எங்கள் கம்பெனிக்கு மூன்று பங்காளிகள். மூவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, கடைவீதி வைத்த பெயர் வேறு. என்னை "ஆகட்டும் ராவுத்தர்" என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பேன். அண்ணனை "வேண்டாம் பிள்ளை" என்பார்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது ஆள் அதோ, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மலைச்சாமி. அவனை "எப்பங்க" என்பார்கள். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, மட்டக்குதிரை, பொதிமாடு, லாரி எல்லாம் அவன் பொறுப்பு. எந்த வேலையைச் சொன்னாலும் அவன் கேட்கிற ஒரே கேள்வி "எப்பங்க?" ஏரியைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் வை என்றாலும் எப்பங்க என்றுதான் கேட்பான். அது ஆகுமா ஆகாதா என்பதை அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. அது எங்கள் இரண்டு பேர் சோலி என்று விட்டுவிடுவான்.

அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? வாங்க என்பது இல்லை. நல்லா இருக்கீங்களா என்பதும் இல்லை. மலைக்கு மோட்டார் ரோடு வராத காலம் அது. ஆடிக் கிருத்திகைக்குப் பழனியில் கூட்டம் அலைமோதும், கோடைப் பேரிக்காயைக் கொண்டுபோய்க் கொட்டினால் பறந்துவிடும் என்று கணக்குப் போட்டு, கூடை கூடையாகச் சுமக்க வைத்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் கற்பூரக் கடை. கோயில் கைங்கரியக் குடும்பம். கடைக்குள் ஓர் ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பழத்தின் ருசியைப் பற்றி நான் பேசினேன், பேசினேன், தொண்டை வறளப் பேசினேன். ஒரு பழத்தை எடுத்தார், அமுக்கினார், திருப்பி வைத்தார். "வேண்டாம்" என்றார்.

எனக்குச் சுரீர் என்று வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். "நடந்து ஊருக்குப் போறவன் மடியில இதைக் கட்டிக் குடுத்தா, ஊரு சேருமுன்னே கொழகொழன்னு போயிரும். யாரை வைவான்? நீங்க மலை மேல போயிருவீங்க. நான் இங்கதான உக்காந்திருக்கேன்" என்றார். கூடையைத் தூக்கச் சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "மலைவாழை வருமா உங்ககிட்ட? பஞ்சாமிர்தக் கடைக்காரங்க தேடிக்கிட்டுக் கெடக்காங்க."

"ஆகட்டும், எவ்வளவு வேணும்?" என்றேன்.

"உங்ககிட்ட வாழைத்தோட்டம் இருக்கா?"

"இல்ல."

"இருக்கிறவங்களைத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதை வச்சு ஆகட்டும்னீங்க?"

ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையைத்தான் பிறகு முப்பது வருஷம் பார்த்தேன். பக்கத்தில் பேரிக்காய்க் கூடையோடு பண்ணைக்காட்டுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், சுமக்க வந்தவன். அவனைத் திரும்பிப் பார்த்து, உங்கள் பக்கத்து மலைவாழையைப் பழனிக்கு இறக்க முடியுமா என்று கேட்டேன். அவன் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எப்பங்க?" என்றான். எங்கள் கம்பெனி அன்றைக்கு, அந்தக் கற்பூரக் கடை முன்னால், பிறந்தது. மூன்று பேரும் முதல் சந்திப்பிலேயே அவரவர் வேலையை எடுத்துக்கொண்டோம், யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

கழுதைக் கதையைச் சொல்லாமல் போனால் வத்தலக்குண்டுக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். அதோ, இப்போதே சிரிக்கிறார்கள். இரங்கல் கூட்டம் ஐயா, கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

சந்தையில் விலை பேசுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிரியார் அவர்களுக்காகச் சொல்கிறேன். வாயால் விலை சொல்ல மாட்டார்கள். இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. கையை முழுதாகப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினால் பேரம் முடிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது. மாற்றினவன் மறுபடி அந்தச் சந்தைக்குள் காலை வைக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் துண்டுக்குள் கை விடுவது அண்ணன் வேலை. நான் வெளியே நின்று பேசுவேன், சிரிக்க வைப்பேன், சர்பத் வாங்கிக் கொடுப்பேன். உள்ளே அவர் கை அசையாமல் கிடக்கும். எதிராளி என் பேச்சில் மயங்கி, அவர் கையில் சோர்ந்து, வழிக்கு வந்துவிடுவார். ஒரு வாரம் அண்ணனுக்குப் பல்வலி. தாடை வீங்கி, வேண்டாம் என்று சொல்லக்கூட வாயைத் திறக்க முடியாமல் கிடந்தார். கடைவீதியில் பல பேருக்கு அந்த வாரம் தீபாவளி. இரண்டு மட்டக்குதிரை வாங்க வேண்டியிருந்ததால் என்னைத் தனியே சந்தைக்கு அனுப்பினார். இரண்டு விரலைக் காட்டினார், குதிரைபோலத் தலையை ஆட்டிக் காட்டினார், அப்புறம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குதிரையெல்லாம் சரியாகத்தான் வாங்கினேன். திரும்புகிற வழியில் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் கழுதை மந்தையோடு நின்றார். சும்மா விலை கேட்டேன். அல்லா அறிய, சும்மாதான் கேட்டேன். துண்டைப் போட்டார், கையைக் கொடுத்தேன். விரலைப் பிடிக்கிறார், அவர் கை நடுங்குகிறது. என்ன ஏது என்று விசாரித்தேன். "ஆத்தா போன வாரம் தவறிட்டாகய்யா" என்றார். எனக்கு என் தாயார் நினைவு வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. "ஆண்டவன் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்" என்று சொல்லி, அந்த மனிதர் கையை முழுதாகப் பிடித்து, ஆறுதலாக, நன்றாக ஓர் அழுத்து அழுத்தினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

துக்கம் விசாரித்துக் கழுதை மந்தை வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். மந்தையை ஓட்டிக்கொண்டு மலையேறினேன். இந்த நாயுடுபுரத்துக்குள் அவை நுழைந்து ஒருசேரக் கத்தியபோது பங்களாக்களில் ஜன்னல் எல்லாம் திறந்தது. மலைச்சாமி ஓடி வந்தான். "எங்க கட்டுறதுங்க?" என்றான். அன்றைக்கு மட்டும் அவன் கேள்வி மாறியது. அண்ணன் வீங்கிய தாடையோடு வாசலுக்கு வந்தார். மந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தனை நாள் திறக்காத வாய் திறந்தது, பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேண்டாம்."

"வாங்கியாச்சுண்ணே. துண்டை உதறிட்டாரு."

உதறிட்டாரு என்றதும் அடங்கிப்போனார். வாக்கு வாக்குத்தான் அவருக்கு. உட்கார்ந்தார். நான் வழி சொல்லத் தொடங்கினேன், எனக்கா வழி பஞ்சம்? வந்த விலைக்கு விற்றுவிடுவோம் என்றேன். "வேண்டாம், நம்மளைப் பாத்துச் சந்தையே சிரிக்கும்." பேரிக்காய் ஏற்றுவோம் என்றேன். "வேண்டாம், குலுக்கல்ல பழம் கன்னிப்போகும்." துரைமார் பிள்ளைகள் ஏறி விளையாட வாடகைக்கு விடுவோம் என்றேன். அதற்கு அவர் மறுபடி தாடையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, "பூண்டு கன்னாது" என்றார். "கூக்கால்ல பூண்டைத் தலைச்சுமையாத்தான கொண்டாராங்க? அந்தத் தடத்துல குதிரை முரண்டு பண்ணும், கழுதை போகும்." மலைச்சாமி அப்போதுதான் தன் கேள்விக்குத் திரும்பினான். "எப்பங்க?" "வெள்ளனே கெளம்பு" என்றார் அண்ணன்.

சபையோரே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துரைமார் பிள்ளைகளுக்குக் கழுதை ஓட்டிக்கொண்டிருப்பேன். அண்ணன் மட்டும் இருந்திருந்தால்? கழுதையே வந்திருக்காது, கூக்காலும் வந்திருக்காது. மலைச்சாமி மட்டும் இருந்திருந்தால், எங்கே கட்டுவது என்று கேட்டபடி இன்னும் வாசலில் நின்றிருப்பான். நான் கதவுகளைத் திறந்துகொண்டே போவேன், அவர் பின்னாலேயே வந்து மூடிக்கொண்டே வருவார், மூடாமல் விட்ட ஒரு கதவில் மலைச்சாமி சரக்கை ஏற்றிக்கொண்டு போவான். எங்கள் வியாபாரம் வளர்ந்தது இப்படித்தான். இதை எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

கூக்கால் பெருமக்களே, முதல் பருவத்தில் உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கும்? மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுத் துழாவி, ஈரம் பட்டால் "வேண்டாம், காய வச்சுக் கொண்டாங்க" என்று திருப்பினார். சோலையம்மா, நீங்கள் அவரை வைதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதை இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபருவம் என்ன நடந்தது? பிள்ளை வேண்டாம் என்று சொல்லாத பூண்டு என்றால், வத்தலக்குண்டில் மூட்டையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பூண்டுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது என் பேச்சா? என் பேச்சைக் கேட்டு ஒருத்தரும் ஒரு மூட்டையைக்கூடப் பிரிக்காமல் வாங்கியதில்லை.

மணி அடித்தாயிற்றா? சரி, வெரசாகச் சொல்கிறேன். ஒரு பங்களாத் துரைசானி, பெயர் வேண்டாம், கிறிஸ்துமஸ் டின்னருக்குக் கடல் மீன் வேண்டும் என்றார். "யெஸ் மேடம், நோ டிரபிள் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எந்தக் கடலிலிருந்து, எந்த ரயிலில், எந்த ஐஸில் என்று நான் யோசிக்கவில்லை. அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனார். இங்கிலீஷ் தெரியாது அவருக்கு. சமையல்காரரை வைத்துச் சொல்லச் சொன்னார். "மீன் வராது. அழுகின மீன் வேணும்னா வரும். ஏரி மீன் நல்லா இருக்கும்." துரைசானி விழுந்து விழுந்து சிரித்தாராம். அன்றிலிருந்து அந்தப் பங்களாவுக்கு எது வேண்டுமென்றாலும் ஆள் வந்து, "நோ ஸொல்ற பிள்ளை இருக்காரா?" என்றுதான் கேட்கும். நான் வாசலில் நின்றாலும் என்னைத் தாண்டிக்கொண்டு போகும்.

அவர் ஒருவரே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஹஜ்ஜுக்குப் போனேன். கப்பலேறிப் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. அவ்வளவு காலமும் கடை அவர் கையில். திரும்பி வந்து பார்க்கிறேன், கடை பெருக்கித் துடைத்துக் கண்ணாடிபோல இருக்கிறது. சரக்கு அடுக்கின மேனிக்கு இருக்கிறது. ஓர் ஈ காக்கை இல்லை. வந்தவர்களையெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே அனுப்பிவிட்டார். மலைச்சாமி குதிரைகளோடு வெயில் காய்ந்துகொண்டிருக்கிறான். அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாஜியாரை வரவேற்று எல்லாரும் என்னென்னவோ சொன்னார்கள், இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வந்துட்டீங்களா? உள்ள வந்து யாருக்காவது எதையாவது ஆகட்டும்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல."

என்னை யாரும் அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் அப்படிப் பாராட்டியதில்லை. அன்றைக்கும் நான் அழுதேன், இன்றைக்கும் இதோ.

மதினி அவர்களுக்குத் தெரியும், அவருடைய வேண்டாம் என்றைக்குமான வேண்டாம் இல்லை. மோட்டார் ரோடு மேலே வந்து சேர்ந்ததும் நான் துள்ளினேன், குதிரையை எல்லாம் விற்று லாரி வாங்குவோம் என்றேன். "வேண்டாம், ஒரு மழைக்காலம் பாப்போம்" என்றார். அந்த ஐப்பசியில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. லாரி வாங்கியவர்கள் டயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, எங்கள் குதிரைகள் பழைய தடத்தில் இறங்கின. சில வருஷம் கழித்து ஒருநாள் அவராகவே வந்து, "ராவுத்தரே, ரோடு மழைக்குத் தாங்கி நின்னுருச்சு. இப்ப லாரி வாங்கலாம்" என்றார். அதற்குள் எனக்கு லாரி ஆசையே போய்விட்டது. நான் அப்போது ஏலக்காய்த் தோட்ட யோசனையில் இருந்தேன். அதற்கும் வேண்டாம் என்றார். அது இன்றுவரை வேண்டாம்தான்.

மார்கழியில் நெஞ்சுச் சளி பிடித்தது. வைத்தியர் வந்தார். கஷாயம் வேண்டாம், கம்பளி வேண்டாம், கீழே இறங்கிப் பழனியில் கொஞ்ச நாள் இருங்கள் என்றால் அதுவும் வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இந்த ஒரு தடவை ஆகட்டும்னு சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். முறைத்தார். வேறு யாருக்கு வேண்டாம் சொன்னாலும் நியாயம் இருக்கும், தன் விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு தப்பிவிட்டது. அவருக்கு வேண்டாம் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

சரி. செட்டியார் மணியை இரண்டாம் தடவையும் அடித்துவிட்டார். உறுதிமொழிக்கு வருகிறேன். அன்பர்களே, என் அண்ணன் பெயரால் மூன்று காரியங்களை இந்தச் சபையில் அறிவிக்கிறேன். இந்த நாயுடுபுரத்தின் நடுவில் சேனாதிபதி பிள்ளை நினைவு மண்டபம், மேலே மணிக்கூண்டோடு எழும்பும். வருகிற சித்திரைக்குள் இன்னும் இரண்டு லாரி, மதுரையில் ஒரு கடை. மூன்றாவதாக, கூக்கால் பெருமக்களே, கேளுங்கள். அந்த மண்டி எதையெல்லாம் எடுக்குமோ, அதையெல்லாம் நாங்களும் எடுப்போம். ஈரப் பூண்டா, கொண்டுவாருங்கள். முளைவிட்ட பூண்டா, கொண்டுவாருங்கள். இனி ஒரு மூட்டையைக்கூட வேண்டாம் என்று திருப்ப மாட்டோம். போதுமா? சம்மதமா?

ஏன் யாரும் பேசவில்லை?

சோலையம்மா, ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்கள்?

இந்த இடத்தில்தான் அவர் பேசுவார். நான் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிற இடத்தில் தொண்டையைச் செருமுவார். எனக்குக் கோபம் வரும். ஆனால் முப்பது வருஷமாக நான் துணிந்து எதையும் சொன்னது அந்தச் செருமலை நம்பித்தான். இன்றைக்குச் சொல்லிவிட்டேன், நான் சொன்னது அப்படியே நிற்கிறது. எனக்கே பயமாக இருக்கிறது. அண்ணே, இப்படி என்னைத் தனியே பேச விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே.

யாரது பின்னால்? மலைச்சாமியா? என்னப்பா, எப்ப என்று கேட்கிறாயா? இரு, அதற்குத்தான் வருகிறேன். இல்லையா? பிறகு என்ன? தூணை விட்டுவிட்டு முன்னால் வந்து சொல், சபைக்குக் கேட்கட்டும்.

"வேண்டாங்க" என்கிறான்.

எது வேண்டாம்? மண்டபமா? என்ன துணிச்சல் உனக்கு? அவருக்கு ஒரு மண்டபம் கூடாதா? லாரியா? பூண்டா? மூன்றுமா! யாரைப் பார்த்து வேண்டாம் என்கிறாய், முப்பது வருஷத்தில் ஒரு தடவை இந்த வார்த்தை உன் வாயில் வந்ததுண்டா?

செட்டியாரே, மணியை அடிக்காதீர்கள், அவன் சொல்லட்டும். என்ன? ம். ம். கேட்டீர்களா சபையோரே? "ஈரப் பூண்டு ஒரு மூட்டை ஏத்துனா லாரிச் சரக்கு பூராம் நாறிப்போகும், ராவுத்தரய்யா. ஏத்தி எறக்குறவன் நானு, எனக்குத் தெரியும். அண்ணன் இருந்தா விடமாட்டாரு. நானும் ஏத்த மாட்டேன்" என்கிறான். அழுதுகொண்டே சொல்கிறான், பாருங்கள். ஆனாலும் சொல்லிவிட்டான்.

சோலையம்மா, நிமிருங்கள். நீங்கள் வாசலில் வைத்துக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதோ நிற்கிறது பதில். என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கம்மா, மூன்றாவது வரிசைக்கும் கேட்க வேண்டும். "பூண்டைக் காய வச்சே தாரோம், ஏலே மலைச்சாமி, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கோ" என்கிறார். ஐயா மதுரைக்காரரே, அவசரமில்லை, காப்பியைக் குடித்துவிட்டே போகலாம். கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது.

இப்போது மலைச்சாமி என்ன சொல்கிறான் என்றால், வேண்டாம் சொல்வதையும் சுமை ஏற்றுவதையும் இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். வேண்டாம். ஆமாம், நான்தான் சொல்கிறேன், வேண்டாம்! இரண்டையும் நீ ஒரே ஆளாகப் பார்த்தால், ஏற்றுகிற அவசரத்தில் வேண்டாம் என்பதை விழுங்கிவிடுவாய். ஏற்றி இறக்க வேறு ஆளை வைப்போம், அவனை நீயே பார்த்துச் சொல். என்னிடம் விட்டால் இந்தச் சபையில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்துவிடுவேன். நீ வந்து அண்ணன் நாற்காலியில் உட்கார். கூசாதே, மதினி தலையாட்டுகிறார்கள்.

தலைவர் அவர்களே, சபையோரே, இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் உறுதிமொழி கொடுத்துவிட்டு அமர்வது வழக்கம். சேனாதிபதி பிள்ளை அவர்கள் விட்டுச்சென்ற பணி தொடர வேண்டும் என்பதற்காக, நான் சற்று முன் கொடுத்த மூன்று உறுதிமொழிகளையும் உங்கள் முன்னிலையில் திரும்ப வாங்கிக்கொண்டு அமர்கிறேன்.